இலவச மாத்திரை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் அப்பாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை. மருத்துவர் எழுதித்தரும் மெட்ஃபார்மினுக்கு மாதாமாதம் நிறையச் செலவாகிறது. அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்தால், “விலைக்குத் தகுந்த வீரியம்தான் இருக்கும்” என்று தொட மறுக்கிறார். எனக்கும் சந்தேகம்தான். நம்பலாமா? மகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடலாமா என்றும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஏதேதோ வருகிறது.

ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

தடுப்பூசியைப் போடுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் என்றால் மிகவும் நல்லது. வாட்ஸ்அப்புக்குப் பதில் எழுத எனக்குப் பொழுதில்லை.

மெட்ஃபார்மின் 1957-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. காப்புரிமை எல்லாம் என்றோ முடிந்த கதை. அப்பா கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அட்டையில் உள்ள பெயருக்குத்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரையின் சராசரி அளவைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

என்னை உறுத்தியது அந்த ‘விலைக்குத் தகுந்த வீரியம்’. கடலூர் முதுநகரில் விலையே இல்லாத ஒரு மாத்திரையைப் பற்றி இதே பேச்சைக் கேட்டுச் சலித்தவன் நான். 1990களின் பிற்பாதியில் எங்கள் மாவட்டத்தில் யானைக்கால் நோய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு மூன்று. இரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளை அது அழிக்கும். சாக்கடைக் கொசு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோக எதுவும் மிஞ்சக் கூடாது. அதற்குத்தான் நோய் இல்லாதவரும் விழுங்க வேண்டும் என்றார்கள்.

யார் விழுங்கினார்கள்? “சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்” என்று வாங்கி அலமாரியில் வைத்தார்கள். வெறும் வயிற்றில் போடக்கூடாதுதான், ஆகவே அந்தச் சாக்கை மறுக்கவும் முடியாது. போட்டவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளே புழு சாகும்போது அப்படித்தான் வரும். காய்ச்சல் கண்டவருக்குத்தான் அந்த மாத்திரை மிகவும் தேவைப்பட்டிருக்கிறது. தெருவோ, “அரசாங்க மாத்திரை ஆளைப் படுக்க வைக்கிறது” என்றது.

என் அத்தைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். ஈரம் தங்கினால் புண்ணாகிக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். மாத்திரையால் அந்தக் கால் வடியப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாத்திரை கொடுக்கும் பெண் தெருவில் நுழைந்ததும் செம்பில் தண்ணீரோடு கூடவே கிளம்பிவிடுவாள். “சாப்பிட்டுவிட்டு” என்றவர்கள் வீட்டுக்கு மத்தியானம் மறுபடியும் போவாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “சும்மா கொடுக்கிற மாத்திரையில் என்ன இருக்கப்போகிறது?” என்றார். அத்தை புடவையைச் சற்றுத் தூக்கிக் காலை அவர் திண்ணையில் வைத்தாள்.

“இதுவும் சும்மா வந்ததுதான் சார்.”

அவர் அப்போதும் விழுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பா மேல் எனக்குக் கோபமில்லை. மருத்துவச் செலவு என்றால் வலிக்க வேண்டும் என்று பழகிய தலைமுறை அது. படித்த நீங்கள் “எனக்கும் சந்தேகம்தான்” என்று எழுதுகிறீர்களே, அதுதான் எரிச்சலூட்டுகிறது. சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மருந்து ஏன் பல பெயரில் பல விலையில் விற்கிறது, அதில் விலை கூடியதை மட்டும் ஏன் எழுதுகிறீர்கள் என்று அந்த மருத்துவரிடம் ஒருநாளாவது கேட்டீர்களா? கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.