கோட்டிங்கனுக்கு ஆராய்ச்சிக்கு வரும் தங்கச்சிக்கு

ஜெர்மனியின் கோட்டிங்கனில் நரம்பு செல் உயிரியலில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது, முடித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சியில் நிலைக்க முடியுமா, ஜெர்மன் மொழி கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். வாழ்த்துகள், தங்கச்சி. நானும் இதே ஊரில்தான் பிஎச்டி, அதற்குப் பிறகு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை எல்லாம் முடித்தேன். இப்போது மைக்ராஸ்கோப் பிரிவில் நிரந்தர வேலை. நிலைக்கலாம். ஆனால் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

இங்கே 12 வருஷ விதி என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சி நிறுவனங்களில் தற்காலிக ஒப்பந்தத்தில் பிஎச்டி பட்டத்துக்கு முன் 6 வருஷம், பின் 6 வருஷம் வேலை செய்யலாம். பிஎச்டியை 4 வருஷத்தில் முடித்தால் மிச்ச 2 வருஷம் போஸ்ட்டாக் கணக்கில் சேரும். குழந்தை பிறந்தால் ஒரு குழந்தைக்கு 2 வருஷம் கூடுதல். வெளி நிதியில் ஓடும் ப்ராஜெக்ட் என்றால் அதற்குப் பிறகும் வேலை தரலாம், அதுவும் பணம் தீரும்வரை. நிரந்தர இடங்களோ மிகக் குறைவு. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் அமைப்பு அடைத்துக்கொள்ளாது என்று ஹன்னா என்ற கற்பனைப் பெண்ணை வைத்து அரசு ஒரு வீடியோ போட, 2021-ல் ‘நான்தான் ஹன்னா’ என்று இளம் ஆராய்ச்சியாளர்கள் ட்விட்டரில் பொங்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் கட்சி.

அதனால் எந்தத் தலைப்பு என்பதைவிட எந்த வித்தையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவீர்கள் என்று பாருங்கள். செல்லின் சவ்வு வழியாக ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனியை ஒரு மைக்ரான் அளவுக்குக் கூராக்கி, செல்லின் மேல் மெல்ல வைத்து, வாயில் கவ்விய டியூப் வழியாகக் கொஞ்சம் உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டியதும் மின்தடை ஜிகாஓமுக்கு எகிறும், திரையில் இரைச்சல் அடங்கும். இந்த ஊரில்தான் எர்வின் நேயரும் பெர்ட் சக்மனும் தவளைத் தசையில் ஒற்றை அயன் சேனலின், அதாவது சவ்வில் மின்னூட்டத் துகள்கள் கடக்கும் வாசலின், மின்னோட்டத்தை அளந்து 1976-ல் வெளியிட்டார்கள். 1991-ல் நோபல். இன்று அதே அளவீட்டைத் தானியங்கியாகச் செய்யும் கருவிகளை ம்யூனிக்கில் நானியான் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன, மருந்து இதயத் துடிப்பைக் குலைக்குமா என்று பார்க்க மருந்து கம்பெனிகள் வாங்குகின்றன. பேட்ச் செய்த கைக்கு லேபுக்கு வெளியேயும் வேலை உண்டு என்று சொல்லத்தான் இவ்வளவும். நல்ல மைக்ராஸ்கோப் கைக்கும் அப்படித்தான். நான் பிழைத்தது அதில்.

நியூரான் கல்ச்சர், அதாவது நரம்பு செல்களை லேபில் வளர்ப்பது என்றால் வார விடுமுறை உங்கள் கையில் இல்லை. 18 நாள் எலிக் கருவிலிருந்து ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை எடுத்து, பாலிலைசின் பூசிய கண்ணாடித் துண்டில் செல்களை விதைப்பார்கள். செல்களுக்கு இடையிலான இணைப்பான சினாப்ஸ் முதிர இரண்டு மூன்று வாரம் ஆகும். எலி சினையான தேதிதான் காலண்டர். தீபாவளியா என்று அது பார்க்காது.

நரம்பியல் விஞ்ஞானி தாமஸ் சுட்ஹோஃப் 1955-ல் இங்கே பிறந்து, இங்கேயே முனைவர் ஆய்வும் செய்தவர். 1983-ல் அமெரிக்காவின் டல்லஸ் போய், நரம்பு முனையில் வெசிக்கிள் என்ற குட்டிப் பை தன்னுள் இருக்கும் ரசாயனத்தை எப்படி வெளியே கொட்டுகிறது என்ற கேள்வியை அங்கேதான் பெரிதாக எடுத்தார். 1995-ல் இங்கே மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவன இயக்குநராகத் திரும்பி வந்தும், சில வருஷத்தில் அதை விட்டுவிட்டு அமெரிக்காவே கதி என்றார். 2013-ல் நோபல். ஊரில் யாராவது ‘ஒரே இடத்தில் நில்லு’ என்று அறிவுரை சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்டாக்குக்கு வேறு நாடு போவது தோல்வி இல்லை. சொந்தக் குழு தொடங்க ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பான டிஎஃப்ஜி தரும் எம்மி நோய்தர் நிதி போன்றவை பட்டம் வாங்கிய முதல் சில வருஷத்துக்குள்தான் கிடைக்கும். அதனால் பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே அடுத்த லேபுக்கு எழுத ஆரம்பித்துவிட வேண்டும்.

மொழி விஷயம். லேப் முழுக்க ஆங்கிலம்தான், வகுப்பும் ஆங்கிலத்தில்தான். ஆனால் விலங்குப் பரிசோதனை அனுமதி விண்ணப்பம், வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஜெர்மனில் வரும். லேபை உண்மையில் நடத்துகிற டெக்னிக்கல் அசிஸ்டென்ட் அம்மாவோடு நாலு வார்த்தை ஜெர்மனில் பேசினால் கல்ச்சர் ரகசியம் எல்லாம் தானாக வரும்; பேப்பரில் அதெல்லாம் எழுத மாட்டார்கள். அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் பி1 நிலை வரைக்கும் இரண்டு வருஷத்துக்குள் எட்டிவிடுங்கள்.

சம்பளம் பெரும்பாலும் பொதுத்துறைச் சம்பள அட்டவணையில் டாரிஃப் 13 என்ற படியில் 65 சதவீதம். ஒரு ஆளுக்குப் போதும், ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம்.

கையெழுத்துப் போடும் முன் அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவர்கள் இரண்டு பேருக்கு எழுதிக் கேளுங்கள்: இதற்கு முன் இருந்த மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், முதல் ஒப்பந்தம் எத்தனை மாதம். அந்தப் பதிலையும் ஆஃபர் லெட்டரையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.