ஃபாக்லாந்து தீவுகளில் அரசியல் கட்சியே கிடையாதாமே, பிறகு பொதுத் தேர்தல் எப்படி நடக்கிறது?

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆட்சிப்பகுதியாக இருக்கும் இந்தத் தீவுகளில் கட்சி இல்லை என்பது உண்மைதான், எல்லோரும் சுயேச்சைகள். ஆனால் நம் ஊர் வாக்காளரை அதைவிடக் குழப்புவது, ஓர் ஆளுக்கு ஐந்து ஓட்டு என்பதுதான்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தலில் சட்டமன்றத்துக்கு 8 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொகுதிகள் இரண்டே. தலைநகர் ஸ்டான்லிக்கு 5 இடம், ஸ்டான்லிக்கு வெளியே இருக்கும் அத்தனைக்கும் சேர்த்து ‘கேம்ப்’ என்ற தொகுதிக்கு 3 இடம். (கேம்ப் என்றதும் ராணுவக் கூடாரம் நினைவுக்கு வரலாம். நாட்டுப்புறத்தைக் குறிக்கும் ‘காம்போ’ என்ற ஸ்பானியச் சொல்லின் மிச்சம் அது. அங்கே இருப்பவை செம்மறியாட்டுப் பண்ணைகள்.) தொகுதிக்கு எத்தனை இடமோ, வாக்காளருக்கு அத்தனை ஓட்டு. வயது 18 ஆகியிருந்தால் மட்டும் போதாது, ‘ஃபாக்லாந்து தீவுத் தகுதி’யும், அதாவது தீவைச் சேர்ந்தவர் என்ற சட்ட அங்கீகாரமும், வேண்டும். மவுண்ட் பிளசன்ட் ராணுவத் தளத்துக்குப் பணிக்கு வந்துபோகும் பிரிட்டிஷ் வீரர்களுக்கு அது கிடையாது.

ஸ்டான்லியில் ஐந்துக்கு மேல் குறியிட்டால் வாக்குச்சீட்டே செல்லாது. குறைவாக இட்டால் செல்லும். சூட்சுமம் இங்கேதான். ஸ்டான்லியில் உங்களுக்கு ஒருவர் கட்டாயம் ஜெயிக்க வேண்டும், இன்னொருவர் வந்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்குமே போட்டு, ஐந்தாவது இடத்துக்கு அவர்களே மோதினால், உங்கள் இரண்டாவது ஓட்டு முதல் ஓட்டை அடித்துவிடும். ஓரிரண்டு ஓட்டு வித்தியாசத்திலும் இடம் பறிபோகக்கூடிய ஊர். மக்கள்தொகையே சுமார் 3,500தான். அதனால் விரும்பியவருக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விடுவது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு.

எண்ணுவதும் வேறு மாதிரி. ஒரே சீட்டில் ஐந்து பேர் இருப்பதால் வேட்பாளர் வாரியாகக் கட்டு கட்ட முடியாது. முதலில் சீட்டுகளைச் சரிபார்த்து, பிறகு ஒவ்வொரு குறியையும் பட்டியலில் ஏற்ற வேண்டும். முடிவைப் படிக்கும்போதும் கவனம்: எல்லோருடைய ஓட்டையும் கூட்டி, அத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

கேம்ப் பகுதியில் வாக்குப்பெட்டியே வாக்காளரைத் தேடிப் போகும், லேண்ட் ரோவரிலும் சிறு விமானத்திலும்.

ஜெயித்த பின் ‘ஆளுங்கட்சி’ என்று ஒன்று உருவாகாது. உறுப்பினர்களே தங்களுக்குள் மூவரை ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவுக்கு அனுப்புவார்கள். அதற்குத் தலைமை ஆளுநர். பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டனிடம்.

இரண்டு தொகுதிகளையும் ஒன்றாக்கலாமா என்று 2001, 2011, 2020 என மூன்று முறை வாக்கெடுப்பு நடத்தியும் நிறைவேறவில்லை. ஒரே தொகுதியானால் எல்லோருக்கும் எட்டு ஓட்டு, பெரும்பாலானோர் ஸ்டான்லிவாசிகள். அவர்கள் நினைத்தால் எட்டு இடத்தையும் ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்பதே கேம்ப்காரர்களின் கவலை.