வீட்டு நூல்களைக் குறைத்து மின்னூலுக்கு மாறும்போது எவற்றைக் கொடுக்கலாம்?

சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வதால், தமிழ் நூல்களில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு மின்னூலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் மின்வடிவம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சங்க இலக்கியம், கம்பராமாயணம் போன்றவற்றின் மூலபாடங்கள் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் வெளியிட 1998இல் தொடங்கிய தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்கும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கியவற்றுக்கும் மின்வடிவில் வெளியிடப் பதிப்புரிமைத் தடை இல்லையாதலால், மின்வடிவம் கிடைப்பவற்றின் மலிவுப் பதிப்புகளைத் தயங்காமல் கொடுத்துவிடலாம்.

உரையுடன் கூடிய பழம்பதிப்புகளின் நிலை வேறு. மூலபாடத்தை மட்டும் தரும் கோப்புகளில் அடிக்குறிப்புகளும் பாடவேறுபாடுகளும் இருப்பதில்லை. அந்தப் பழம்பதிப்புகள் வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்பாகக் கிடைத்தாலும், மின்னூல் கருவியின் ஆறங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் அதற்கேற்ப மடங்காமல், பக்கத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் படிக்க வேண்டியிருப்பது, என்னைக் கேட்டால், தண்டனைதான்.

அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் வாங்குவது நூலையன்று, படிக்கும் உரிமத்தை மட்டுமே. 2009இல் உரிமைச் சிக்கல் எழுந்தபோது, தான் விற்ற சில நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. ஆகவே மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கும் நூல்களையும் மறுபதிப்புக் காணாதவற்றையும் அச்சிலேயே வைத்திருங்கள். பழைய சிற்றிதழ்களை மட்டும் எடைக்குப் போடும் முன், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேகரித்துப் பாதுகாக்கும், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.