கேளுங்கள், சொல்கிறேன்

கே: அரை மணி நேரமாகப் பஸ்ஸே வராது. வந்தால் ஒரே எண்ணில் மூன்று சேர்ந்து வரும். டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டா வருகிறார்கள்?

ப: பாவம், அவர்களைத் திட்டாதீர்கள். கிளம்பும்போது பத்து நிமிட இடைவெளியில்தான் கிளம்பியிருப்பார்கள். முதல் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் பிந்தினால் போதும், வினை ஆரம்பம். அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் சில்லறை தேடுவார். இன்னொருவர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, “இது அந்தப் பக்கம் போகுமா?” என்று விசாரிப்பார். இரண்டு நிமிடம் மூன்றாகும். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெரிசு. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை. நிற்க வேலையில்லாமல் ஓடிவந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

வைத்தியம் உண்டு: சீக்கிரம் வந்துவிட்ட பஸ்ஸை வழியில் சற்று நிறுத்திவைத்து இடைவெளியைச் சரிசெய்வது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? காரணம் தெரிந்த நானே, “ஏன்பா நிக்குது?” என்று குரல் கொடுக்கிற ஆள்தான். உங்களுக்கு ஒரு யோசனை: முண்டியடிக்காமல் மூன்றாவதில் ஏறுங்கள். ஜன்னலோரமே கிடைக்கும்.

கே: உச்சி மாடி வீடு என்றால் விலை அதிகமாகச் சொல்கிறார்களே, ஏன்?

ப: லிஃப்ட் செய்த வேலை. அது வருமுன் பாரிஸ் கட்டடங்களில் பணக்காரர்கள் கீழ்த்தளங்களில் இருந்தார்கள்; கூரையடி அறைகள் வேலைக்காரர்களுக்கு. அத்தனை படி யார் ஏறுவது? 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் உயரத்தில் தொங்கிய மேடையில் நின்றுகொண்டு, தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை, அவருடைய பிரேக் பிடித்துக்கொண்டது. 1857-ல் அதே ஊரில் ஒரு கடையில் ஆட்கள் ஏறிப்போக லிஃப்ட் வைத்தார்கள். முழங்கால் பிரச்சினை தீர்ந்ததும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தனி விலை வந்துவிட்டது. மின்சாரம் போகிற நாளில் மட்டும் முதல் மாடிக்காரர் முகத்தில் ஒரு தனிக் களை!

கே: டி.வி. விலை இறங்குகிறது. முடிவெட்டும் கூலி மட்டும் ஏறுகிறது. என்ன நியாயம்?

ப: தொழிற்சாலையில் அதே ஆட்கள் முன்னைவிடப் பல மடங்கு டி.வி. செய்கிறார்கள். முடிவெட்டுபவர் இன்றைக்கும் ஒரு நேரத்தில் ஒரு தலையைத்தான் பார்க்க முடியும். அதற்காக அவர் வருமானம் அங்கேயே நின்றால், கத்தரியை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். நாற்காலியில் உட்கார நாம்தான் இருப்போம், வெட்ட ஆள் இருக்காது. பாமோல், போவென் என்ற பொருளியலாளர்கள் 1960-களில் நாடகம், இசை நிகழ்ச்சிகளின் செலவை ஆராய்ந்தபோது இதைத்தான் சொன்னார்கள்: நால்வர் வாசிக்கும் இசைக்கு எந்தக் காலத்திலும் நால்வர் வேண்டும். பள்ளிக் கட்டணம், வைத்தியச் செலவு ஏறுவதிலும் இதற்குப் பங்குண்டு. சரி, என் தலையில் முடி பாதியாகிவிட்டது, கூலி ஏன் பாதியாகவில்லை? அதற்குப் பாமோலிடம் பதில் இல்லை.

கே: கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே. போனில் 1, 2, 3 மேலே. ஏன் இந்தக் குழப்பம்?

ப: கால்குலேட்டர் பழைய கணக்கு இயந்திரங்களின் வாரிசு, அவற்றைப் பார்த்து வந்தது. போனுக்குப் பெல் ஆய்வுக்கூடத்தார் பொத்தான்களை விதவிதமாக அடுக்கி, ஆட்களை அழுத்தவிட்டுப் பார்த்து, 1960-ல் முடிவை வெளியிட்டார்கள். விரல் இரண்டுக்கும் பழகிவிட்டது, விடுங்கள்.