வண்டியைத் தாழ்த்துங்கள், சக்கரம் தொங்கட்டும்

ரிமோட் வண்டி: கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4, பாறையில் ஏறும் ரிமோட் வண்டி. பாறையில் அடி தட்டக் கூடாது என்று 90 மி.மீ. ஷாக் அப்சார்பரைக் (ஷாக்) கழற்றிவிட்டு 110 மி.மீ. ஷாக் போட்டேன், கெட்டியான ஸ்பிரிங்கும் மாட்டினேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் முன்பு சுலபமாகக் கடந்த சரிவிலேயே இப்போது பக்கவாட்டில் உருண்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பழைய ஷாக்கையே திரும்ப மாட்டிவிடுங்கள். காசு போட்டு வாங்கியிருப்பீர்கள், சொல்ல எனக்கும் வருத்தம்தான். ஆனால் உங்கள் வண்டிக்கு அந்த உயரம் தேவையே இல்லை. 2017-இல் வெளிவந்தபோதே டி.ஆர்.எக்ஸ்-4 போர்ட்டல் ஆக்சிலோடுதான் வந்தது. சாதாரண ஆக்சில் சக்கரத்தின் மையத்துக்கு நேராகப் போகும். இதில் சக்கரம் மாட்டும் ஹப்புக்குள் இருக்கும் கியர்கள் ஆக்சிலை அதற்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கின்றன. பாறை அதிகம் தட்டுவது ஆக்சிலின் நடுவே கியர்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில்தான். அதைக் கம்பெனியே உயர்த்தித் தந்துவிட்டது. ஷாக்கை நீட்டுவதால் ஆக்சில் ஒரு மி.மீ. கூட மேலே போகாது. அதற்குப் பெரிய டயர்தான் போட வேண்டும். ஷாக் நீண்டால் மேலே போவது சேசிஸும் மோட்டாரும் பேட்டரியும் பாடியும். வைக்கோல் ஏற்றிய லாரி வளைவில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்துவிட்டீர்கள். ஸ்கிட் பிளேட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் அது பாறையில் உரசி வழுக்கிப் போவதற்கென்றே வைத்த தகடு. உரசட்டும்.

உயரத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. சேசிஸ் மேலே போகப் போக, அதையும் ஆக்சிலையும் இணைக்கும் லிங்க்குகள் அதிகமாகச் சாயும். இரண்டு ஆக்சிலும் உள்பக்கம் இழுபட்டு, முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) குறையும். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு கூர்மையாக மடங்கிச் சுற்றும். செங்குத்தான ஏற்றத்தில் த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் எழும்பப் பார்க்கும்.

சரி, கெட்டி ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்க்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் இருக்கும் கோளாறு இதுதான். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் முழுக்க நீண்டு நிற்கும். அதற்கு மேல் நீள இடம் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்துக்கு வரும்போது அது கீழே இறங்கித் தரையைத் தேடாது, அப்படியே அந்தரத்தில் நிற்கும். மீதி மூன்று சக்கரத்தின் மேல் வண்டி தள்ளாடும். கிராலருக்கு, அதாவது இப்படிப் பாறையில் மெல்ல ஏறும் வண்டிக்கு, சக்கரம் மேலே போகும் இடத்தைவிடக் கீழே தொங்கும் இடம் முக்கியம். தொங்கும் அந்த அளவைத்தான் ட்ரூப் என்கிறோம்.

உங்கள் வண்டியில் அது எவ்வளவு என்று இப்போதே அளந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்று போதும். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, ஓடும் கோலத்திலேயே மட்டமான மேசையில் வையுங்கள். கையால் ஒருமுறை அமுக்கி விட்டுவிட்டு, ஸ்கிட் பிளேட்டின் அடியிலிருந்து மேசை வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சேசிஸின் நடுவில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். டயர் மேசையை விடப் போகிற அந்த நொடியில் மறுபடி அளங்கள். கடைசியாக, முட்டும் வரை அமுக்கி ஒரு அளவு. முதல் அளவுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் ட்ரூப். முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ளது மேல்நோக்கிய பயணம். மொத்தம் 30 மி.மீ. கிடைத்தால் நான் 18 கீழே, 12 மேலே என்று வைப்பேன். போட்டிக்காரர்கள் இன்னும் தாழ்த்துவார்கள். ஷாக்குக்குள் பிஸ்டனுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்துச் சேசிஸைத் தரையை நோக்கி இழுப்பவர்களும் உண்டு. பாதையிலும் பாறையிலும் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு அவ்வளவு வேண்டாம்.

இந்த அளவுக்கு இறக்க, முதலில் ஷாக்கில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் காலரைத் தளர்த்துங்கள். போதவில்லை என்றால் மென்மையான ஸ்பிரிங். அதற்கும் மேல் வேண்டுமானால் ஷாக்கின் மேல்முனையை, அதற்கான துளை இருந்தால், ஷாக் இன்னும் சாய்ந்து படுக்கும்படி மாற்றுங்கள். படுத்த ஷாக் அதே ஸ்பிரிங்கோடு மென்மையாக வேலை செய்யும், உயரமும் இறங்கும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பாறைக்குப் போகத் தேவையில்லை. என்னிடம் ஒரு பிளைவுட் பலகை இருக்கிறது. ஒரு முனையில் கதவுக் கீல், மேலே உப்புத்தாள் ஒட்டியது. வண்டியைக் குறுக்காக நிறுத்தி, கோணம் காட்டும் ஆப்பைத் திறந்த செல்போனைப் பலகையோரம் வைத்து, மெதுவாகத் தூக்குவேன். மேல்பக்கச் சக்கரம் பலகையை விடும் கோணத்தைக் குறித்துக்கொள்வேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ஸ்பிரிங், ஆயில், எடை மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

கேள்வி: ஆக்சியல் கம்பெனியின் எஸ்.சி.எக்ஸ்10 டூ கிராலர் ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் த்ராட்டில் கொடுத்தாலே வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. ஷாக் கெட்டுவிட்டதா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: ஷாக் நன்றாகத்தான் இருக்கும். டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலைச் சுழற்ற முயலும்போது, அதற்கு எதிர்விசையாகச் சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது. உங்கள் மாடலில் போர்ட்டல் கிடையாது. போர்ட்டல் இருந்தால் வேகக் குறைப்பில் ஒரு பங்கு சக்கரத்திலேயே நடக்கும், ஷாஃப்ட்டில் வரும் முறுக்கு குறையும். எஸ்.சி.எக்ஸ்10 த்ரீயில் போர்ட்டல் வந்தபோது இதுவும் சேர்ந்து தணிந்தது. நீங்கள் செய்ய வேண்டியது: முன் டயரைச் சுவரில் முட்டவைத்து மெல்லத் த்ராட்டில் கொடுத்து, பின்னால் எந்தப் பக்கம் அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த ஒரு ஷாக்கின் காலரை மட்டும் சிறிது இறுக்குங்கள். நின்ற நிலையில் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி கோணலானால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், பாதி திருப்பிவிடுங்கள். கெட்டியான ஆயில் இதைத் தீர்க்காது, சாய்வதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கேள்வி: ஷாக் ஆயில் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. பைக் ஃபோர்க் ஆயில் ஊற்றலாமா?
– வாசகர், தேனி

பதில்: தயவுசெய்து வேண்டாம். ரிமோட் வண்டி ஷாக்கில் ஆயில் கசியாமல் அடைப்பது பெரும்பாலும் சிலிக்கான் ஓரிங் (வளையம்). பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போய், ஷாக்கில் உள்ளே வெளியே போகும் தண்டைப் பிடித்துக்கொள்ளும். தூய சிலிக்கான் ஆயிலே வரவழையுங்கள். சிலிக்கான் வெயிலில் நீர்த்துப்போவதும் குறைவு. ஒரு கம்பெனியின் 30-ஆம் எண்ணும் இன்னொன்றின் 30-ஆம் எண்ணும் ஒன்றாக இருக்காது. பாட்டிலில் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் சென்டிஸ்டோக் அளவைத் தேடுங்கள், 350-ஐ ஒட்டி இருந்தால், நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கிராலருக்கு நல்ல தொடக்கம்.

ஊற்றும்போது அவசரப்படாதீர்கள். ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டைக் கீழே இழுத்து, விளிம்பு வரை ஊற்றுங்கள். தண்டை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் பிஸ்டனின் ஓட்டைகள் வழியாகக் குமிழிகள் வரும். முதலில் பெரிது பெரிதாக, பிறகு கடுகுபோலப் பொடியாக. பொடிக் குமிழிகள் ஏற நேரம் பிடிக்கும். ஷாக்கை ஒரு டம்ளரில் சாய்க்காமல் நிற்கவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். குமிழி நின்ற பிறகு தண்டைப் பாதி உள்ளே தள்ளி, வழியும் ஆயிலைத் துடைத்து மூடியைத் திருகுங்கள். தண்டை முழுக்க வெளியே விட்டு மூடினால் உள்ளே ஆயில் மிஞ்சி, அது முழுதாக அமுங்காது.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாம் வகுப்பு. என் எஸ்.சி.எக்ஸ்24 குட்டிக் கிராலர் ஏற்றத்தில் பின்னால் கவிழ்கிறது. பித்தளை பாகங்கள் வாங்கப் பணம் சேர்க்கிறேன். எதை முதலில் வாங்க வேண்டும்?
– மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: முன் சக்கரங்களுக்கான பித்தளை ரிம், தம்பி. எடை சக்கரத்தில் இருந்தால் ஸ்பிரிங்கை அமுக்காது, தரையோடும் இருக்கும். பின்னால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம், மேலே கேரியரில் பொம்மை டப்பா ஏதாவது கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. உன் வண்டியோடு வரும் ஷாக்கில் ஆயில் கிடையாது, அதனால் ஆயில் வாங்கிச் செலவு செய்யாதே. ரிம் மாட்டியதும் வண்டியைத் தரையில் நிறுத்தி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்தச் சின்ன சர்வோ மோட்டார் திணறினால் அதற்கு மேல் முன்பக்கம் எடை ஏற்றாதே.