வரிச் சட்டம் படிக்க விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பணியில் இருக்கிறேன். மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்து வரி வழக்கறிஞராக விரும்புகிறேன். சி.ஏ. இல்லாவிட்டால் இத்துறையில் மதிப்பில்லை என்கிறார்கள். வருமான வரிச் சட்டமே மாறிவிட்டதால், இதுவரை கற்றது வீணாகிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. எப்படித் தயாராவது? (வாசகி, ஈரோடு)

பதில்: சி.ஏ. படித்தவருக்குக் கணக்கில் உள்ள தேர்ச்சி பெரியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரைதான் ஆடிட்டரும் வழக்கறிஞரும் ஒரே வரிசையில் நின்று வாதிடலாம். அதற்கு மேல், சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வி எழும் வழக்குகள் மட்டுமே செல்லும் உயர் நீதிமன்றத்தில் வாதிடும் உரிமை வழக்கறிஞருக்கே உரியது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழியில் குறையேதும் இல்லை.

பழைய சட்டத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 536 பிரிவுகளைக் கொண்டது. 2026 ஏப்ரல் 1 அதன் தொடக்க நாள். 'முந்தைய ஆண்டு' (வருமானம் ஈட்டிய ஆண்டு), 'மதிப்பீட்டு ஆண்டு' (அதற்கு வரி மதிப்பிடப்படும் ஆண்டு) என்று மாணவர்களைக் குழப்பிவந்த இரட்டைச் சொல்வழக்கு போய், 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. எனினும் அந்நாளுக்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டத்தின்படியே தீர்மானிக்கப்பட வேண்டியவை என்பதால், அவை முடியும்வரை இரண்டு சட்டங்களையும் அறிந்தவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

எப்படிப் படிப்பது என்பதுதான் உங்கள் கேள்வியில் முக்கியமானது. வழிகாட்டி நூல்களையும் பயிற்சி வகுப்புக் குறிப்புகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சட்டப் பிரிவை அதன் சொந்த வாசகத்திலேயே, ஒவ்வொரு சொல்லாக வாசிக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஒருவர் தன் சொந்தக் கணக்கில் கட்டடம் கட்டும்போது செலுத்திய ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது செலுத்திய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது என்று சொல்லும், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(d) பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விலக்காக, அதாவது வரவு கிடைக்கும் இனமாக, இருந்த வாசகம் 'பிளான்ட் அல்லது மெஷினரி' (தொழில் நடத்தப் பயன்படும் சாதன அமைப்பு அல்லது இயந்திரம்). அதே பிரிவின் விளக்கத்தில் வரையறுக்கப்பட்டிருந்ததோ 'பிளான்ட் மற்றும் மெஷினரி'. இரண்டும் ஒன்றல்ல என்றும், வாடகைக்கு விடக் கட்டிய வணிக வளாகம் போன்ற ஒரு கட்டடம் அந்தத் தொழிலில் ஆற்றும் பணியைப் பார்த்து அது 'பிளான்ட்' ஆகுமா என்று தீர்மானிக்க வேண்டும் என்றும் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நிதிச் சட்டம் அந்த 'அல்லது'வை 'மற்றும்' என்று, அதுவும் 2017 ஜூலை 1 முதலே செல்லும்படி, மாற்றியது. இதை யாரோ எழுதிய சுருக்கத்தில் மட்டும் படித்தவர், கட்டடத்துக்கு வரவு இல்லை என்ற ஒரே வரியைத்தான் மனத்தில் வைத்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்குள் வழக்கு ஒளிந்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு நோட்டீஸையும் இந்த முறையில் படிக்கலாம். அது எந்தப் பிரிவின் கீழ் வந்தது, அந்தப் பிரிவு அதிகாரிக்கு எந்த அதிகாரத்தைத் தருகிறது, பதிலுக்கும் மேல்முறையீட்டுக்கும் எத்தனை நாள் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். ஜிஎஸ்டியில் முதல் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு உள்ள அதிகாரம் மேலும் ஒரு மாதம் மட்டுமே. நல்ல வாதம் கையில் இருந்தும், நாள் கடந்துவிட்டதாலேயே வணிகர்கள் தோற்றுப்போவது வேதனையானது. அது தடுக்கக்கூடிய இழப்பு.

படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறிய பிறகு, சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்த்துக்கொண்டே வழக்கறிஞர் தொழில் நடத்த விதிகள் இடம் தராது. ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வருமானம் குறைவாகவே இருக்கும் என்பதால், இப்போதே கொஞ்சம் சேமித்து வைப்பது நல்லது.

கேள்வி: சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு. கணக்குப்பதிவு அறவே தெரியாது. வரிச் சட்டம் எனக்கு ஒத்துவருமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒத்துவரும். பெருக்கல் வகுத்தலைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒரு தொகை ஏன் அந்தக் கணக்கில் வந்தது என்பது உங்களுக்குப் புரிந்தால் போதும். பெங்களூரில் ஊதுபத்தி செய்துவந்த ஒரு கூட்டாண்மை நிறுவனம் கலைக்கப்பட்டு, அதன் நற்பெயர் (குட்வில், அதாவது வாடிக்கையாளர் நம்பிக்கையால் தொழிலுக்குச் சேர்ந்த மதிப்பு) புதிய கூட்டாண்மை நிறுவனத்துக்கு மாறியபோது, மூலதன ஆதாய வரி உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஆதாயத்தைக் கணக்கிட, விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழிக்க வேண்டும். தொழிலோடு தானாக வளர்ந்த நற்பெயருக்கோ வாங்கிய விலை என்று ஒன்றில்லை. கணக்கிடும் விதியே செல்லாத இடத்தில் வரி விதிக்கும் பிரிவும் செல்லாது என்று சீனிவாச செட்டி வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் அந்த விலையைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளும்படி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூலில் நற்பெயர் குறித்த பாடம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்து முடித்தவுடன் இந்தத் தீர்ப்பை முழுமையாக வாசியுங்கள்.