கிரைஸ்ட்சர்ச் ரக்பி ஸ்டேடியம்: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

நியூசிலாந்து கிரைஸ்ட்சர்ச்ல ரொம்ப வருஷமா இருக்கேன், ரக்பி பைத்தியம். பழைய லங்காஸ்டர் பார்க், புது டெ காஹா ரெண்டப் பத்தியும் என்ன வேணா கேளுங்க.

ஸ்டம்ப்மைக்: லங்காஸ்டர் பார்க்னா கிரிக்கெட் கிரவுண்டுதானே? நியூசிலாந்து பௌலர் ஹாட்லியோட 400வது விக்கெட் அங்கதானே?

அங்கயேதான், 1990ல, அவுட்டானது நம்ம மஞ்ச்ரேக்கர். 1881ல திறந்த கிரவுண்டுங்க அது, வெயில் காலத்துல கிரிக்கெட், குளிர் காலத்துல ரக்பி, நடுவுல அத்லெட்டிக்ஸ் வேற. நியூசிலாந்து ஆடின முதல் கிரிக்கெட் டெஸ்ட்டே 1930ல இங்கதான். எங்க ஓட்டக்காரர் பீட்டர் ஸ்னெல் 1962ல வெறும் புல்லுத் தரையில 800 மீட்டர 1 நிமிஷம் 44.3 செகண்ட்ல ஓடி உலக சாதனை பண்ணாரு, சிந்தெடிக் டிராக்கெல்லாம் கிடையாது, புல்லு! முதல் உலகப்போர் சமயத்துல கைல காசில்லாம கிரவுண்டுல உருளைக்கிழங்கு போட்டு கடன் கட்டினாங்கன்னா பாத்துக்கோங்க.

சும்மாவந்தேன்: நிலநடுக்கத்துல இடிஞ்சு விழுந்துருச்சா ப்ரோ?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா விழல. 2011 பிப்ரவரி 22, மதியம் 12.51, ஊர்ல 185 பேர் செத்துப்போனாங்க. ஸ்டாண்டெல்லாம் நின்னுச்சு, காலடியில மண்ணுதான் கைவிட்டுருச்சு. பீச்ல ஈர மணல்ல ஒரே இடத்துல நின்னு மிதிச்சுக்கிட்டே இருந்தா தண்ணி கசிஞ்சு கூழ் மாதிரி ஆகி கால் உள்ள போகும்ல, அதே கதைதான் ஊர் அளவுக்கு. மைதானத்துக்கு நடுவுல மணலும் சேறும் பொங்கி வந்துச்சு. அந்த வருஷ ரக்பி வேர்ல்டுகப்புக்குன்னு புது ஸ்டாண்டெல்லாம் கட்டி ரெடியா வச்சிருந்தாங்க, ஊருக்குக் கிடைச்சிருந்த மேட்ச் அத்தனையும் போச்சு, ரெண்டு குவார்ட்டர் ஃபைனல் உட்பட. ரிப்பேர் பண்ணலாமா வேணாமான்னு வருஷக்கணக்கா இழுத்து கடைசில இடிச்சே தள்ளிட்டாங்க.

புல்லட்பாண்டி: அப்ப டீம் எங்கண்ணா ஆடுச்சு?

எங்க ஊர் டீம் க்ரூசேடர்ஸ், அந்த 2011 சூப்பர் ரக்பி சீசன் முழுக்க சொந்த கிரவுண்டே இல்லாம நாடோடியா சுத்துனாங்க தம்பி. ஒரு மேட்ச் லண்டன் ட்விக்கென்ஹாம்ல, தென்னாப்பிரிக்கா டீம் ஷார்க்ஸோட! அப்படியும் ஃபைனல் போய் பிரிஸ்பேன்ல ஆஸ்திரேலியா டீம் ரெட்ஸ்கிட்ட 18-13னு தோத்தாங்க, எனக்கு இன்னும் ஆறல. 2012ல ஊருக்குள்ளயே அடிங்டன்ங்கிற ஏரியால சாரம் கட்டுற இரும்புக் குழாய வச்சு சுமார் 18 ஆயிரம் பேர் உக்கார்ற தற்காலிக ஸ்டேடியம் 100 நாள்ல கட்டுனாங்க. அஞ்சு வருஷத்துக்குன்னு சொன்னது, 2025 சூப்பர் ரக்பி ஃபைனலே அங்கதான் நடந்துச்சு. கூரை பத்தல, ஜூன் மாச மழையும் குளிரும் எலும்புக்குள்ள போச்சு.

மெட்ராஸ்காரி: புது ஸ்டேடியம் மெட்ராஸ் ஸ்ட்ரீட்ல இருக்காமே, கிண்டலா நிஜமா?

நிஜந்தாங்க! டெ காஹாவோட ஒரு பக்கம் மெட்ராஸ் தெரு, எதிர்ப் பக்கம் பார்படோஸ் தெரு. ஊர் ப்ளான் போட்டப்ப ஆங்கிலிகன் சர்ச்சோட மறைமாவட்டப் பேரா எடுத்து தெருவுக்கெல்லாம் வச்சாங்க, கொழும்பு தெருவும் அப்படி வந்ததுதான். சென்னைன்னு ஊர் பேர மாத்தி இவ்ளோ வருஷமாச்சு, இங்க பஸ் ஸ்டாப்புல மெட்ராஸ்னு பாத்தா ஒரு மாதிரி சிரிப்பு வரும்.

கணக்குப்புள்ள: எவ்ளோ செலவு? யார் காசு?

683 மில்லியன் நியூசிலாந்து டாலர். அதுல 220 மில்லியன் அரசாங்கம், மீதி பெரும்பாலும் நகர கவுன்சில், அதாவது எங்க வீட்டு வரி. 2021ல செலவக் குறைக்கிறேன்னு 30 ஆயிரம் சீட்ட 25 ஆயிரமாக்க கவுன்சில்ல ஓட்டு போட்டாங்க, ஊரே கொதிச்சு பெட்டிஷன் போட்டதும் அடுத்த மாசமே பல்டி. அப்புறம் 2022ல விலை ஏறினப்ப, மேல போலாமா நிறுத்தலாமான்னு மக்கள்கிட்டயே கேட்டாங்க, 'கட்டு'ன்னுதான் மெஜாரிட்டி. நானும் 'கட்டு'ன்னுதான் எழுதினேன், வரி பில் வர்றப்ப மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்.

பச்சைப்புல்: மூடுன கூரைக்குள்ள புல்லு எப்படி வளரும்?

கூரை ஒளி உள்ள வர்ற மாதிரி பிளாஸ்டிக் படலம், கண்ணாடி இல்ல. நியூசிலாந்துலயே இன்னொரு ஊரு டனிடின்ல 2011லேயே இந்த மாதிரி கட்டி ஓடுது, பயப்பட வேண்டாம்.

ஸ்டம்ப்மைக்: கிரிக்கெட் ஆடலாமா அதுல?

முடியாது, செவ்வகம். கிரிக்கெட்டு ஹேக்லி ஓவலுக்குப் போயிருச்சு, 2015 வேர்ல்டுகப் முதல் மேட்ச்சே நியூசிலாந்து-இலங்கை அங்கதான். ஒரே கிரவுண்டுல எல்லாம் ஆடுன காலம் முடிஞ்சுது, எனக்கு வருத்தம் அது ஒண்ணுதான். இதுல ரக்பி, ஃபுட்பால், ரக்பி லீக்குங்கிற இன்னொரு வகை ரக்பி, மத்தபடி கச்சேரி. கச்சேரி இல்லாம இந்தக் காச எடுக்கவே முடியாது, அதுதான் உண்மை. 2026 ஏப்ரல் கடைசிக்கு, சூப்பர் ரவுண்டுன்னு சூப்பர் ரக்பி டீம் கிட்டத்தட்ட எல்லாத்தையும் ஒரே வீக்கெண்டுல இங்க ஆட வைக்க ப்ளான் போட்டாங்க.

சும்மாவந்தேன்: பழைய இடத்துல இப்ப என்ன இருக்கு?

போர் நினைவு வாசல் மட்டும் அப்படியே இருக்கு. உள்ள ஸ்டாண்டு எதுவும் இல்ல, வெட்டவெளி, 2022லேருந்து பொதுமக்கள் விளையாடுற கிரவுண்டு. டிக்கெட் கிடையாது, யார் வேணா பந்து எடுத்துட்டுப் போலாம்.